பக்கவாதத்துக்குப் பிறகு வி.ஆர். பயிற்சி: கைக்கு உண்மையில் பயன் தருமா?

கீர்த்தனா_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. தீபாவளிக்கு அடுத்த வாரம் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கை, வலது கால் இரண்டும் பாதிப்பு. கால் பரவாயில்லை, கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். கைதான் பின்தங்கிவிட்டது. தோளை ஓரளவு தூக்குகிறார், முழங்கையை மடக்கி நீட்டுகிறார், விரல்களை மூடுகிறார், திறக்கத்தான் சிரமப்படுகிறார். பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது, ஆனால் நாங்கள் சொல்வது நன்றாகப் புரிகிறது.

இப்போது போகிற மறுவாழ்வு மையத்தில் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, கணினி காட்டும் கற்பனை உலகம்) பயிற்சி என்று தனி பேக்கேஜ் சொல்கிறார்கள். பிசியோ கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பழம் பறிப்பது, பலூன் உடைப்பது மாதிரியான விளையாட்டுகள். "மூளையில் புது இணைப்புகள் உருவாகும், கை சீக்கிரம் வந்துவிடும்" என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாம் என்கிறார். தம்பியோ, அந்தக் காசுக்கு ஒரு ஹெட்செட்டையே வாங்கிவிடலாம் என்கிறான். பயன்படுத்தியவர்களும் இந்தத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

பிசியோ_பாலா

கீர்த்தனா, பணம் கட்டுவதற்கு முன் மையத்தில் ஒன்று கேளுங்கள். வி.ஆர். சேர்த்தால் அப்பா இப்போது செய்கிற கைப்பயிற்சி நேரம் குறையாமல் இருக்குமா, அல்லது அந்த நேரத்தில்தான் வி.ஆர். நடக்குமா? முடிவில் முக்கால்வாசி இந்தப் பதிலில் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பக்கவாதத்துக்கு வி.ஆர். பயிற்சி கொடுத்துச் செய்த 72 ஆய்வுகளை, மொத்தம் 2,470 நோயாளிகளின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2017இல் ஒன்றாக அலசியது. வழக்கமான பயிற்சியை எடுத்துவிட்டு அதே அளவு நேரம் வி.ஆர். கொடுத்தால் கையின் செயல்பாட்டில் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான பயிற்சிக்கு மேல் வி.ஆர். நேரத்தைக் கூட்டினால் பலன் தெரிந்தது. அப்படியென்றால் பெரும்பங்கு பலன், கூட்டிய நேரத்திலிருந்து வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு ஆய்வு, எவரெஸ்ட் என்று சுருக்கப் பெயர். 2016இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து நாடுகளின் 14 மையங்களில் 141 பேர், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள். பாதிப் பேருக்கு, ரிமோட்டை அசைத்து டிவியில் ஆடும் நின்டெண்டோ வீ விளையாட்டு. மீதிப் பேருக்கு சீட்டுக்கட்டு, பிங்கோ, பந்து, மரக்கட்டை அடுக்கும் ஜெங்கா. இரண்டு வாரத்தில் தலா ஒரு மணி நேரமாகப் பத்து அமர்வுகள். கடைசியில் இரண்டு குழுவுமே முன்னேறின, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. சீட்டுக்கட்டு எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை!

இதைப் படித்துவிட்டு "வி.ஆர். வேஸ்ட்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கை எத்தனை முறை அசைந்தது என்பதுதான் விஷயம். கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து எண்ணியது. ஓர் அமர்வில் கையால் ஒரு வேலையைச் செய்து பார்க்கிற அசைவு சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை மாற்றம் தெரிவதற்கு ஓர் அமர்வுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய வைக்கிறார்கள். நம் ஊர் ஓ.பி.யில் ஒரு பிசியோவுக்கு எத்தனை நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த 32 வந்தாலே பெரிது.

அருண்_டெவ்

பாலா சார், நான் வி.ஆர். மென்பொருள் எழுதுபவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. எவரெஸ்ட் ஆய்வில் கொடுத்தது வீ. அது 2006இல் ஆரோக்கியமானவர்கள் வீட்டு ஹாலில் விளையாடுவதற்காக வந்த கருவி. எதிரே டிவி திரை, கையில் ஒரு ரிமோட், அவ்வளவுதான். அதை வைத்து மொத்த வி.ஆர். துறைக்கும் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பக்கவாதத்துக்கென்றே எழுதும் மென்பொருள் செய்வது வேறு. நோயாளியின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று முதலில் அளக்கும். இலக்கை அந்த எல்லைக்குச் சற்று அப்பால் வைக்கும். ஜெயித்தால் இன்னும் தள்ளி வைக்கும், தோற்றால் பக்கத்தில் கொண்டுவரும். பார்சிலோனாவில் ஒரு குழு, கை கொஞ்சம் நகர்ந்தாலே திரையில் அது கூடுதலாக நகர்வதாகக் காட்டிப் பார்த்தது. "இந்தக் கையால் முடியும்" என்ற நம்பிக்கை வந்ததும் நோயாளி அந்தக் கையை அதிகமாக எடுக்கத் தொடங்குவார் என்பது அவர்கள் எண்ணம். சீட்டுக்கட்டு இதைச் செய்யாது.

பிசியோ_பாலா

நல்ல மறுப்பு, அருண். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நார்வே, டென்மார்க், பெல்ஜியம் மூன்றிலும் சேர்ந்து 120 பேரிடம் நடந்த ஆய்வில், கைப்பயிற்சிக்கென்றே செய்த வி.ஆர். கருவியைக் கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது. அதே அளவு நேரம் வழக்கமான பயிற்சி செய்தவர்களும் அதே அளவுதான் தேறினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் வந்த இன்னொரு ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கிராக்கவர் குழு ஒரு டால்பின் விளையாட்டை உருவாக்கியது. கையை எந்தப் பக்கம் அசைத்தாலும் திரையில் டால்பின் அதற்கேற்ப நீந்தும்; இதைச் செய் என்று உத்தரவு எதுவும் இல்லை, கையை விதவிதமாக அசைக்க வைப்பதுதான் நோக்கம். பக்கவாதம் வந்து ஆறு வாரத்துக்குள் இருந்த 24 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டால்பின், இன்னொன்றுக்கு தெரபிஸ்ட் கொடுக்கும் பயிற்சி. இரண்டுக்கும் வழக்கமான சிகிச்சைக்கு மேல், மூன்று வாரத்தில் முப்பது மணி நேரம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. ஆனால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பழைய நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, கையால் வேலை செய்யும் திறனில் இரண்டு குழுவுமே மேலே இருந்தன. சின்ன ஆய்வுதான், பழைய பதிவோடு ஒப்பிடுவதிலும் பலவீனம் உண்டு. ஆனாலும் அது காட்டுகிற திசை எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. சீக்கிரமாகத் தொடங்கி, நிறைய நேரம் செய்ய வேண்டும்.

அதனால் அருண், உங்கள் துறைக்கு வலுவான வாதம் "வி.ஆர். தெரபிஸ்ட்டை விடச் சிறந்தது" என்பதல்ல. தினமும் இரண்டு மணி நேரம் ஒரு நோயாளியோடு உட்கார இங்கே தெரபிஸ்ட் கிடையாது, அந்த இடத்தைக் கருவி நிரப்பும் என்பதுதான்.

செந்தாமரை

நான் பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவள். பள்ளி ஆசிரியை, இடது கை பாதிப்பு. வி.ஆர். பயிற்சியை ஒரு தனியார் மையத்தில் செய்திருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். டப்பாவிலிருந்து டப்பாவுக்குக் கோலிக்குண்டு மாற்றச் சொன்னால் எனக்கு அழுகை வரும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய கை இதைச் செய்ய முடியாமல் நிற்கிறதே என்று இருக்கும். ஹெட்செட்டுக்குள் அந்த நினைப்பு வரவில்லை. மாம்பழம் பறிப்பதில் கவனம் போய்விடும், நேரம் போவதே தெரியாது. மனதளவில் அது எனக்குப் பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கெட்டது: சில நாள் கழித்து, ஹெட்செட்டை மாட்டிவிட்டு பிசியோ அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். நான் கையை நீட்டுவதற்குப் பதிலாக உடம்பையே முன்னால் சாய்த்துப் பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்தேன், தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டும். விளையாட்டு "அருமை" என்று நட்சத்திரம் கொடுத்தது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, வீட்டில் தம்ளரை எடுக்க முடியவில்லை. பின்னால் தோள் வலி வந்து வேறொரு பிசியோவிடம் போனபோதுதான், முழங்கை நீளவே இல்லை, இடுப்புதான் வேலை செய்கிறது என்று அவர் காட்டினார். ஒரு பட்டையால் முதுகை நாற்காலியோடு கட்டிவைத்துச் செய்யச் சொன்னார். மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. ஆனால் கை நீள ஆரம்பித்தது.

கீர்த்தனா, அப்பா பக்கத்தில் யாராவது நின்று பார்ப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அருண்_டெவ்

செந்தாமரை அம்மா சொன்னது எங்கள் துறையில் இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை. பெரும்பாலான ஹெட்செட்டுகளுக்குத் தலையும் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்று மட்டும்தான் தெரியும். முழங்கையும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்பதை ஊகித்துத்தான் காட்டுகின்றன. தலை முன்னால் வருவதை வைத்து உடம்பு சாய்வதைக் கண்டுபிடிக்கலாம், எழுதுபவர் அக்கறையோடு அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

கீர்த்தனாவின் தம்பிக்கு ஒரு தகவல். வெறும் கையைக் கேமராவால் கண்டறியும் வசதி, விரல்கள் இறுகி மடங்கிய கையைச் சரியாகப் புரிந்துகொள்ளத் திணறும். கன்ட்ரோலரைப் பிடிக்கலாம் என்றால், அதன் பொத்தானை அழுத்துவதே அப்பாவுக்குக் கடினமாக இருக்கும். கடையில் விற்கும் ஹெட்செட் சுமார் அரைக் கிலோ எடை. விளையாட்டுகள் ஆங்கிலத்தில், வேகமாக, நின்றபடி ஆடுவதற்கென்று எழுதியவை. வாங்கிக் கொடுத்தால் மட்டும் அது சிகிச்சைக் கருவி ஆகிவிடாது.

கருவியின் ஆயுளையும் பாருங்கள். உடம்பின் அசைவைக் கண்டறியும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவை நம்பி உலகம் முழுக்க எவ்வளவோ மறுவாழ்வு மென்பொருள்கள் எழுதினார்கள். 2017இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மையத்தில் இருக்கும் கருவிக்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று கேட்பதில் தவறில்லை.

ரொறன்ரோ_சுதன்

வணக்கம். நான் இங்கே ஒரு மறுவாழ்வுப் பிரிவில் உதவியாளராக வேலை செய்கிறேன். பாலா அண்ணை சொன்ன எவரெஸ்ட் ஆய்வை நடத்தியது இந்த நகரத்து ஆட்கள்தான்.

காசு இல்லாத வழி ஒன்றைச் சொல்கிறேன். வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஜானிஸ் எங் குழு, கிராஸ்ப் என்று ஒரு பயிற்சிக் கையேடு செய்தது. கையின் நிலைக்கு ஏற்ற மாதிரிப் படிப்படியான வேலைகள்: துவாயை மடிக்கிறது, உடுப்புக் கிளிப்பைக் கம்பியில் குத்துகிறது, கோப்பையை நகர்த்துகிறது, பந்தை உருட்டுகிறது. தெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பார், நோயாளி தானாகவோ வீட்டு ஆட்களோடோ செய்து, செய்ததைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். 2009இல் 103 உள்நோயாளிகளிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இதையும் செய்தவர்களுக்குக் கை நன்றாகத் தேறியது. கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்குது.

அப்புறம் கண்ணாடிப் பயிற்சி. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பாதித்த கை அசைகிற மாதிரி மூளைக்குத் தோன்றும். இதைத் தொடங்கி வைத்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வருகிற வலிக்காக 1990களில் அவர் செய்தது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. 2018 காக்ரேன் அலசலில் 62 ஆய்வுகள், கையின் அசைவு கூடுவதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு என்கிறது. பல வி.ஆர். மென்பொருள்கள் செய்வதும் இதே வேலைதான், கண்ணாடி இல்லாமல்.

முருகேசன்_தேனி

அப்படியென்றால் வீட்டிலேயே எல்லாம் செய்துகொள்ளலாமே, எதற்கு மையத்துக்குப் பணம்?

பிசியோ_பாலா

முருகேசன் சார், அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அட்டெண்ட் என்று ஓர் ஆய்வு முழுக்க இந்தியாவிலேயே நடந்தது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கக் கற்றுத்தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்கள், பிறரைச் சார்ந்து வாழ்பவர்கள் கணக்கில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2017இல் லான்செட்டில் வந்தது. நம் வீட்டுப் பெண்கள் சமையல், பிள்ளைகள், வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் செய்கிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு தாளைக் கொடுத்துவிட்டுச் சிகிச்சை முடிந்தது என்று நாம் கைகழுவ முடியாது. அடிக்கடி பார்த்து, திருத்தி, கடினத்தைக் கூட்டித் தர ஒரு தெரபிஸ்ட் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், வருபவரிடம் கிராஸ்ப் கையேட்டைக் காட்டி அப்பாவுக்கு ஏற்றதைக் குறித்துத் தரச் சொல்லலாம்.

கருவிதான் வேண்டும் என்றால் ஹெட்செட் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ, மேசை மேல் வைக்கும் ஒரு சின்ன ரோபோ. கைப்பிடியை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, விரல் திறப்பு என்று தனித்தனியாகப் பயிற்சி செய்யலாம். எதிரே திரையில் விளையாட்டு ஓடும். திறக்க முடியாத விரலைத் திறக்க அது உதவியும் செய்யும். வெறும் ஹெட்செட்டால் அது முடியாது. விரல்தான் பிரச்சினை என்னும்போது இந்த வித்தியாசம் பெரிது.

ஜெயந்தி_நர்ஸ்

வி.ஆர். என்றால் நேரத்தைக் கூட்டும் கருவி மட்டும்தான் என்று இங்கே போகிறது. தீக்காய வார்டில் வேலை செய்தவள் என்ற முறையில் நான் அப்படி நினைக்கவில்லை. டிரெஸ்ஸிங் மாற்றும்போதும், தோல் சுருங்காமல் இருக்க மூட்டை நீட்டும்போதும் குழந்தைகள் படும் வலிக்கு மார்ஃபின்கூடப் போதாது. சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இதற்காகவே ஸ்னோவர்ல்ட் என்று ஒன்றைச் செய்தார்கள். பனிப் பள்ளத்தாக்கில் பறந்துகொண்டே பனிப்பந்து எறிய வேண்டும். தீக்காய வலிக்கு வி.ஆர். கொடுத்துப் பார்த்த அவர்களின் முதல் கட்டுரை 2000இல் வந்தது. பிறகு ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, வலியை உணரும் மூளைப் பகுதிகளின் செயல்பாடும் குறைந்திருந்தது. கவனம் முழுக்க அங்கே போய்விடுவதால் வலிக்கு இடம் குறைகிறது. இங்கே கண்ணையும் காதையும் மூடும் ஹெட்செட்டே மருந்து, டிவி திரை அதைச் செய்யாது. வலிக்குப் பயந்து கையையே அசைக்காத குழந்தை அசைக்கத் தொடங்குவதை ஒருமுறை பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

முருகேசன்_தேனி

என் அம்மாவுக்குப் பார்க்கின்சன். அடிக்கடி விழுந்துவிடுகிறார். அதற்கு ஏதாவது உண்டா?

பிசியோ_பாலா

ஜெயந்தி அக்கா சொன்னது சரி. வலி வேறு கணக்கு. விழுவதும் வேறு கணக்குதான். முருகேசன் சார், உங்களுக்கான ஆய்வு வி-டைம், 2016 லான்செட். ஐந்து நாடுகள், 302 முதியவர்கள், எல்லோரும் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது விழுந்தவர்கள், அதில் பார்க்கின்சன் நோயாளிகள் நிறையப் பேர். ஒரு குழு டிரெட்மில்லில் நடந்தது. இன்னொரு குழு டிரெட்மில்லில் நடக்கும்போது எதிரே திரையில் தன் பாதங்களைப் பார்த்தபடி தடைகளைத் தாண்ட வேண்டும், பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். பயிற்சி முடிந்த பிறகான ஆறு மாதத்தில், திரையோடு நடந்தவர்கள் விழுந்த எண்ணிக்கை சராசரி 11.9இலிருந்து 6.0 ஆகக் குறைந்தது. டிரெட்மில் மட்டும் நடந்தவர்களுக்கு 10.7இலிருந்து 8.3.

இங்கே நேரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனாலும் வித்தியாசம் வந்தது. நடக்கிறபோது யோசிக்கவும் வேண்டியிருக்கிறதே, நம் தெருவில் நடப்பது மாதிரி, அதைப் பழக்கியதுதான் காரணம் என்பது என் கருத்து. ஹெட்செட் மாட்டி டிரெட்மில்லில் ஏற்றச் சொல்லவில்லை, அது ஆபத்து. ஆய்விலும் எதிரே திரைதான், அம்மா விழாமல் இருக்க மேலிருந்து கட்டும் பெல்ட் அவசியம்.

கீர்த்தனா_திருச்சி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மையத்தில் போய்க் கேட்டேன். ஒரு மணி நேர கைப்பயிற்சியில் பாதியை வி.ஆர். ஆக மாற்றுவார்களாம். பக்கத்தில் ஆள் இருப்பாரா என்றதற்கு "கருவியே வழிகாட்டும்" என்றார்கள். பழைய நேரம் குறையாமல், மேலே அரை மணி நேரம், முதல் வாரங்களில் பிசியோ பக்கத்தில் இருந்தால் பாதிக் கட்டணம் தருகிறோம் என்று பேசியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கிராஸ்ப் கையேட்டை இறக்கிவிட்டோம், அப்பா துவாலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். மையம் சம்மதித்தால், அப்பாவுக்கு ஹெட்செட் மாட்டுவதில் ஏதாவது ஆபத்து உண்டா?

பிசியோ_பாலா

சரியாகப் பேசியிருக்கிறீர்கள். மாட்டுவதற்கு முன் டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வந்ததா, வலப்பக்கப் பார்வை மறைகிறதா, மண்டையோட்டு எலும்பை எடுத்து அறுவை சிகிச்சை செய்தார்களா. எலும்பு எடுத்த இடத்தில் பட்டை அழுத்தக் கூடாது. வலிப்பு இருந்தால் டாக்டர் சம்மதம் இல்லாமல் வேண்டவே வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். முதல் நாள் ஐந்து பத்து நிமிடம் போதும். கண் நகர்கிறது என்கிறது, காது நகரவில்லை என்கிறது. அதனால் குமட்டலும் தலைசுற்றலும் சிலருக்கு வரும். அப்பாவால் உடனே வாயால் சொல்ல முடியாது என்பதால் இடது கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். அவர் பார்ப்பதை டிவியிலோ போனிலோ காட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் நீங்கள் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லித்தர முடியும்.

செந்தாமரை

வலது தோளுக்குக் கீழே தலையணை வைக்க மறக்காதீர்கள் கீர்த்தனா. எழுப்பும்போது யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். முன்னேற்றத்தை விளையாட்டு மதிப்பெண்ணில் பார்க்க வேண்டாம். தம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, கதவைத் திறப்பது, இந்த மூன்றையும் இன்றைக்கே போனில் வீடியோ எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை அதே நாற்காலியில் உட்காரவைத்து எடுங்கள். மாற்றம் இல்லையென்றால் அந்த வீடியோவை பிசியோவிடம் காட்டிப் பயிற்சியை மாற்றச் சொல்லுங்கள்.

கீர்த்தனா_திருச்சி

சரிங்க அக்கா, இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். மையத்தின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.